ஒத்தாசைக்கு வந்தவர்

அவரை யாரும் கூப்பிடுவதில்லை. "அடுத்த மாதம் வீடு மாறுகிறோம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். மற்ற சொந்தபந்தமெல்லாம் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். இவர் ஒருவர்தான் ஃபோன் செய்வார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்ததும், "எத்தனாம் தேதி? எந்தப் பக்கம் பார்த்த வாசல்?" என்பார். அந்த நிமிஷத்திலிருந்து வீடு மாறுவது நீங்கள் இல்லை, அவர்.

சிலருக்கு அவர் பெரியப்பா, சிலருக்குத் தாய்மாமா, சிலருக்கு அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா. உறவு எதுவானாலும் ஆள் ஒன்றுதான். வயது அறுபதுக்கு மேல். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல் என்று நாகர்கோவிலில் தொடங்கி ஓசூர் வரைக்கும் மூட்டை கட்டியவர். "பதினோரு ஊர், பதினாலு வீடு. ஒரு கண்ணாடி டம்ளர் உடைஞ்சதில்லை, தெரியுமா?" என்பார். அவர் மனைவி பக்கத்தில் இருந்தால் அந்த நேரம் பார்த்து எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார். பதினாலு வீட்டுச் சாமானையும் கட்டியது யார், பிரித்து அடுக்கியது யார் என்று அந்த அம்மாளைக் கேட்டால் வேறு கதை வரும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

முதல் வேலை, நாள் பார்ப்பது. ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழியில் குடி போகக் கூடாது என்பது ஊரறிந்தது. "ஆனி அடியிடாதே, கூனி குடிபுகாதே" என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததால் பங்குனியும் போயிற்று. மீதி மாதங்களில் செவ்வாய், சனி கழிவு. அஷ்டமி, நவமி கழிவு. கரிநாள் கழிவு. இத்தனையையும் தாண்டி ஒரு புதன்கிழமை தப்பித்து வந்தால், ஏழரையிலிருந்து ஒன்பது எமகண்டம், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று நாம் மூச்சு விடும்போது, "பத்தரைக்கு மேல குளிகை. குளிகையில செய்யறது திரும்பத் திரும்ப நடக்கும். வருஷா வருஷம் வீடு மாறணுமா உனக்கு?" என்பார். ஆக, மிச்சம் ஒன்பதிலிருந்து பத்தரை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக ஐ.டி. கம்பெனியில் லீவு கேட்க வேண்டும். என்ன காரணம் என்று மேனேஜர் கேட்டால் குளிகையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ஹவுஸ் ஓனர்களின் பஞ்சாங்கம் வேறு. பழைய வீட்டுக்காரருக்கு முப்பதாம் தேதி சாவி கைக்கு வந்தாக வேண்டும். புது வீட்டுக்காரருக்கு ஒன்றாம் தேதியிலிருந்து வாடகை ஓடும். இந்த இரண்டு பஞ்சாங்கத்தையும் ஒத்துப்போக வைக்கும் வித்தை நம்மவருக்குத்தான் தெரியும். "புதன்கிழமை பாலை மட்டும் காய்ச்சிடு. ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணி. ஆட்டோவுல போயிட்டு வந்துடலாம். சாமான் ஞாயித்துக்கிழமை வரட்டும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் எந்த ஜோசியனும் நாள் குறிக்கலை."

இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. சாமான் வருவதற்கு நான்கு நாள் முன்பே காலி வீட்டில் ஒரு மணி நேரம் நின்று பால் காய்ச்சினால், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்த ஸ்விட்சில் உயிரில்லை, எந்த ஜன்னல் சாத்தினால் திறக்காது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் காலி வீட்டில் செய்யும் வேலையே வேறு. பீரோ வந்து ப்ளக் பாயிண்டை மறைத்த பிறகு அவர்களைக் கூப்பிட்டால் கூலி இரட்டிப்பு. பால் பொங்குவது சாமிக்கு, லாபம் பிளம்பிங்குக்கு. இதை அவர் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியுமோ என்னவோ.

அட்வான்ஸ் பேச்சு வரும்போது மட்டும் அவரை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுத்து 2017-ல் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. முன்பணத்துக்கு அது வைத்த வரம்பு மூன்று மாத வாடகை. சென்னையில் பத்து மாதம் என்பது பழைய வழக்கம். இப்போதும் ஆறு மாதத்துக்குக் குறைந்து வாய் திறக்காதவர்கள் நிறையப் பேர். நம்மவருக்குச் சட்டம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத்தான் தெரியாது. வீட்டுக்கார அம்மாள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்த கையோடு, "மேடம், ஆக்ட் என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பிப்பார். அந்த அம்மாளும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொள்வார். மறுநாள் புரோக்கர் ஃபோன் செய்வார். "சார், அந்த வீட்டை ஓனரோட தம்பியே எடுத்துக்கறாராம்." சென்னை ஹவுஸ் ஓனர்களுக்கு வீடில்லாத தம்பிகள் எத்தனை பேர் என்று மக்கள்தொகைக் கணக்கில்கூட வந்ததில்லை.

அடுத்தது மூட்டை கட்டும் படலம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கும். "குமிழிக் காகிதத்துக்கு ஆயிரக்கணக்குல காசா?" என்பார். அவரிடம் சொந்தக் கருவிகள் உண்டு: ஒரு பந்து சணல் கயிறு, ஒரு கோணி ஊசி, ஒரு கறுப்பு மார்க்கர். மளிகைக் கடையில் பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டிகளை ஒரு வாரமாகச் சேர்த்துவைத்திருப்பார். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி என்பது அவருடைய முதல் விதி. பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கி, தூக்கும்போது அடி விட்டுப் போன பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். கண்ணாடிச் சாமானைப் பழைய வேட்டியிலும் துண்டிலும் சுற்றுவார். எப்படியும் அந்தத் துணியையும் கொண்டுபோகத்தானே வேண்டும்? காகிதமும் மிச்சம், இடமும் மிச்சம்.

இவ்வளவு சரியாகச் செய்பவர் பெட்டியின் மேல் பெயர் எழுதும் இடத்தில் சறுக்குவார். வங்கியில் லெட்ஜர் எழுதிய கை, முழுச் சொல் எழுதாது. "ச.இ." என்று எழுதுவார். சமையல் இதரம். "து.கு." என்றால் துணி, குழந்தை. எழுதும்போது அவருக்குத் தெரியும். புது வீட்டில் "பூ.சா." என்ற பெட்டி முன்னால் குடும்பமே நின்றுகொண்டிருக்கும். பூஜைச் சாமான் என்பார் மருமகள். பூட்டு, சாவி என்பான் பையன். எழுதியவர் மோவாயைத் தடவுவார். திறந்தால் பூரிக்கட்டையும் சாம்பிராணியும் இருக்கும். கயிற்றை அறுக்கவும் விடமாட்டார். "நல்ல கயிறு, அவிழ்த்து வெச்சா ஆகும்" என்பார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழாது.

"ஆகும்" என்பது அவருடைய தாரக மந்திரம். வீடு மாறும்போதாவது பழசைக் கழித்துக்கட்டலாம் என்று வீட்டுப் பெண்கள் ஒரு வருஷமாகக் காத்திருப்பார்கள். மிக்ஸி போய்விட்டது, ஜார் மூடி இருக்கிறது: "ஆகும்." முன்னிருந்த வீட்டின் திரைக்கம்பி, இந்த வீட்டு ஜன்னலுக்கு ஒரு சாண் குட்டை: "ஆகும்." எந்த டி.வி.க்கும் பொருந்தாத மூன்று ரிமோட்: "ஆகும்." வாசலில் குப்பைக்கென்று வைத்த மூட்டை, மாலைக்குள் பாதியாக இளைத்திருக்கும். மீதிப் பாதி "ச.இ." பெட்டிக்குள் போயிருக்கும். இதில் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. டி.வி. வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் வைத்திருங்கள் என்று அவர் அன்றே சொன்னார். இடத்தை அடைக்கிறது என்று போன பொங்கலுக்குக் கழித்தது வீட்டார். அதை அவர் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்.

பரணில் இருந்து எவர்சில்வர் இறங்கும்போதுதான் வேலை அடியோடு நிற்கும். தமிழ்க் குடும்பத்தின் வரலாறு கல்வெட்டில் இல்லை, பாத்திரத்தின் விளிம்பில் இருக்கிறது. அண்டா, தூக்கு, சம்புடம், டவரா என்று ஒவ்வொன்றிலும் யார் கொடுத்தது, என்ன விசேஷம், என்ன தேதி என்று புள்ளி வைத்துப் பொறித்திருக்கும். நம்மவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுருட்டிக் கட்டிய மெத்தை மேல் உட்கார்ந்து, ஒன்றொன்றாக வாசிப்பார். "இது உங்க அத்தை வளைகாப்புக்கு வந்தது. இது கொடுத்தவங்க இப்போ பேச்சுவார்த்தையில இல்லை. ஏன்னு தெரியுமா?" தெரிந்துகொள்ள ஒன்றரை மணி நேரம் ஆகும். எல்லா வீட்டிலும் இருப்பதைப்போல இந்த வீட்டிலும் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பெயர் போட்ட கிண்ணம் ஒன்று வெளிவரும். என்றோ பொங்கலோ சுண்டலோ போட்டுப் பக்கத்து வீட்டில் இருந்து வந்தது, திரும்பிப் போகவில்லை. அவர்கள் கிண்ணம் இங்கே என்றால், நம் கிண்ணம் எங்கே என்று ஒரு விசாரணைக் கமிஷன் தொடங்கும். லாரி ஆறு மணிக்கு வரும், இன்னும் சமையலறை பிரிக்கவில்லை என்று யாராவது கத்தும் வரை அது நடக்கும்.

வீடு மாறுவது எத்தனை பெரிய வேதனை என்று 1967-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹோம்ஸ், ரஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் மனதைப் பிழியும் 43 நிகழ்வுகளை வரிசைப்படுத்தி மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. வீடு மாறுவதற்கு 20. புகுந்த வீட்டு, மாமனார் வீட்டு உறவுகளோடு தகராறுக்கு 29. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் 49 ஆகிறது. கல்யாணத்துக்கு அவர்கள் போட்டது 50. ஆக, ஒத்தாசைக்கு ஒரு பெரியப்பா வந்துசேர்ந்த வீடு மாற்றம், ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஒரு மார்க்தான் குறைவு.

கணக்கு அப்படிச் சொன்னாலும் நான் பார்த்த வீடுகளில் நடப்பது வேறு. அவர் இல்லாத வீடு மாற்றத்தில் கணவனும் மனைவியும் கத்தரிக்கோலுக்காகச் சண்டை போடுவார்கள். டேப் எங்கே என்பதில் தொடங்கி, கல்யாணத்தில் யார் வீட்டுக்காரர்கள் பந்தியில் முதலில் உட்கார்ந்தார்கள் என்பதில் போய் முடியும். அவர் இருக்கும் வீட்டில் அந்தச் சண்டைக்கு நேரமே இல்லை. இருவருக்கும் கோபம் அவர் மேல்தான். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கிசுகிசுவென்று அவரைத் திட்டுவார்கள். கண்ணாலேயே ஜாடை பேசுவார்கள். அவர் திரும்பினால் ஒன்றாகச் சிரிப்பார்கள். பத்து வருஷத்தில் அவர்கள் இத்தனை ஒற்றுமையாக இருந்ததில்லை. பெரியவர் பாட்டுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருப்பார்.

ஞாயிறு விடியற்காலையில் குட்டி யானை வந்து நிற்கும். 2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்த பிறகுதான் தமிழ்நாட்டில் வீடு மாறுவது சந்துக்குள் நுழைந்தது. அதற்கு முன்பு லாரி தெருமுனையில் நிற்க, பீரோ ஊர்வலமாகப் போகும். முக்கால் டன் சுமக்கும் வண்டி அது. "ஒரே டிரிப்தான்" என்பது நம்மவர் கணிப்பு. டிரைவர் வீட்டை ஒரு பார்வை பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்று டிரிப் ஆகும்.

சாமான் ஏற்றும் ஆட்களுக்கு அவர் யார் என்று பார்த்த உடனே தெரியும். எல்லா வீட்டிலும் பார்க்கிறார்களே. மாடிப்படித் திருப்பத்தில் பீரோ நிற்கும். மேலே இருவர், கீழே இருவர், நட்டநடுவில் இவர். "உன் பக்கம் சாய்... உன் பக்கம்னா என் பக்கம்... அட, இடது கை! என் இடது கை!" கீழே பிடித்திருப்பவருக்கு நரம்பு புடைக்கும். குரல் உயராது. "சார், நீங்க கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா பீரோ போயிடும் சார்." அவர் நகர்வார், பீரோ போய்விடும். அன்று மாலை வரை, அந்தத் திருப்பத்தில் பீரோவை எப்படி இறக்க வைத்தேன் என்று எல்லோரிடமும் சொல்வார்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். படுக்கப்போடக் கூடாது, நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். வழியில் சாய்ந்திருந்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும். அது கீழே இறங்கச் சில மணி நேரம் விட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும். ஐஸ் வாட்டர் கேட்டு வரும் பிள்ளைகளைத் தடுக்க ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே காவல்தான், சாய்ந்தால் ஆசிட் சிந்தும். கேஸ் ஏஜென்சியில் முகவரி மாற்றினாயா, ரேஷன் கார்டு மாற்றினாயா, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 கொடுத்தாயா என்று அந்த நாற்காலியில் இருந்தே ஒவ்வொருவராக விசாரிப்பார். இரண்டு வீட்டிலும் ஈ.பி. மீட்டர் ரீடிங்கை ஃபோட்டோ பிடித்துவைத்தாயா என்பது கடைசிக் கேள்வி. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பழைய வீட்டுக்காரர் அட்வான்ஸில் வெள்ளையடித்த கூலியும் கரண்ட் பாக்கியும் கழிக்கும்போது, அந்த ஃபோட்டோதான் பேசும்.

புது வீட்டுக்குள் காலடி வைத்ததும் திசைகாட்டி இல்லாமலே திசை சொல்வார். "ஈசானிய மூலையில பாத்ரூம் வந்திருக்கே!" என்பார், அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, சாமான் இறங்கிய பிறகு. மருமகள் முகம் வாடும். அதைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிடும். "ஒண்ணுமில்லம்மா, ஒரு கிண்ணத்துல கல் உப்பு வெச்சா போதும்" என்று அவரே தோஷமும் சொல்லி அவரே நிவர்த்தியும் சொல்லிவிடுவார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு காணாமல் போவார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும்போது மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு, மோட்டார் போடுவது யார், ஆவின் பால் போடுபவர் எந்தப் பக்கம் வருவார், அயர்ன் வண்டி எங்கே நிற்கும், இரண்டாம் மாடியில் யாரோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று எல்லாம் தெரிந்திருக்கும். நாமாக இருந்தால் இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆகும். ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் உங்கள் சம்பளம், பையனின் பத்தாம் வகுப்பு மார்க், பெண்ணுக்கு இன்னும் வரன் அமையாதது ஆகிய தகவல்கள் இரண்டாம் மாடி வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

இரவு எட்டு மணிக்குத்தான் அவருடைய உண்மையான மகிமை வெளிவரும். வீடு முழுக்க மூட்டை. ஃபோன் சார்ஜர் எந்தப் பெட்டியில் என்று தெரியாது. கொசு வந்துவிட்டது. பாட்டிக்குப் பிரஷர் மாத்திரை வேண்டும். அப்போது அவர் தன் தோளில் காலையில் இருந்து தொங்கிய மஞ்சப்பையைத் திறப்பார். கத்தரிக்கோல், டெஸ்டர், இரண்டு பல்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, கொசுவத்தி, சோப்பு, பேஸ்ட், ஒரு துண்டு, சார்ஜர், பிள்ளைகளுக்கு பிஸ்கட், பாட்டியின் மாத்திரைப் பெட்டி, வாடகை ஒப்பந்தம், பழைய வீட்டுச் சாவி கொடுத்ததற்கு ரசீது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. இவரைப் பொறுத்தவரை அதில் "மீண்டும்" என்பதற்கு வேலையே இல்லை. முதல் ராத்திரிக்கு வேண்டியதை எந்தப் பெட்டியிலும் போடாமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பதினாலு வீட்டில் கற்றவர் அவர். அல்லது அவர் மனைவி கற்று, காலையில் கிளம்பும்போது அந்தப் பையை அவர் தோளில் மாட்டிவிட்டிருக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

ஆகவே, தை பிறந்ததும் வீடு மாறப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவரைத் தவிர்க்கத் தேதியை மறைத்துப் பயனில்லை, எப்படியும் தெரிந்துவிடும். மாடிப்படிக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கும் பக்கத்தில் மட்டும் விடாதீர்கள். மார்க்கரைப் பிள்ளைகளிடம் கொடுத்து முழுச் சொல்லாக எழுதச் சொல்லுங்கள். எவர்சில்வரை அவர் வருவதற்கு முந்தின நாளே கட்டிவிடுங்கள். வாசலில் ஒரு நாற்காலி போட்டு, ஏறும் பெட்டியையும் இறங்கும் பெட்டியையும் எண்ணுகிற வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். வங்கிக்காரர், ஒன்று குறைந்தாலும் விடமாட்டார். காபிப்பொடியையும் ஃபில்டரையும் கடைசியாகக் கட்டுங்கள். அவர் ஐந்தரைக்கே வந்துவிடுவார். சர்க்கரை அரை ஸ்பூன்தான்.